கூரையும் கட்டும்

ஐப்பசி பிறந்துவிட்டால், நாகப்பட்டினம் தொடங்கிக் கோடியக்கரை வரையுள்ள ஊர்களில் மக்கள் வானத்தையும் தங்கள் வீட்டுக் கூரையையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்குவர். வயலுக்கு நீரைக் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமே புயலையும் கொண்டுவருகிறது. ஆகவே, இந்த ஆண்டு கூரை தாங்குமா என்பது இப்பகுதியில் ஒவ்வொரு குடும்பமும் தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. கூரைக்கு எதைப் போடலாம், கீற்றா, ஓடா, தகரமா, கான்கிரீட்டா என்று பங்கு மக்கள் நம்மிடமும் கேட்பதுண்டு. கட்டடக் கலை பயிலாத நாம் இதற்கு என்ன விடை கூறுவது? ஆயினும் இக்கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதைப் பொறுமையாகத் திரும்பிப் பார்த்தால் விடையின் பெரும்பகுதி அங்கேயே கிடப்பதைக் காணலாம்.

அவ்வரலாற்றை அன்னையின் வாசலிலிருந்தே தொடங்குவோம். வேளாங்கண்ணியில், மோர் விற்ற சிறுவனுக்கு அன்னை காட்சி தந்ததாக மரபு கூறும் நடுத்திட்டில் முதலில் எழுந்தது ஒரு கூரைக் கோயில். பின்னர்க் கடும் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அன்னையிடம் வேண்டிக்கொண்டு, அவருடைய பிறப்பு விழாவாகிய செப்டம்பர் 8 அன்று கரை சேர்ந்தனர் என்றும், நன்றிக் கடனாக அக்கூரைக் கோயிலை 24 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட கற்கோயிலாக மாற்றினர் என்றும் திருத்தல வரலாறு சொல்கிறது. புயலில் உயிர் தப்பியவர்கள் முதலில் செய்ய எண்ணிய காரியம், ஓலைக்கு அடியில் இருந்த அன்னைக்கு உறுதியான கூரை அமைத்தது. இன்று அங்கு வந்து போகும் பல இலட்சம் பேரில் இதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆனால் அதே கடற்கரையில் ஓலைக்கு அடியிலேயே வாழ்ந்தவர்களின் கூரை மாறுவதற்கு மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின.

நற்செய்தியில் இரு கூரைகள்

கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்துவந்து, கூட்ட மிகுதியால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைத் திறந்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். குருமடத்தில் இப்பகுதியைக் கற்றபோது ஆசிரியர் ஒரு நுட்பத்தைச் சுட்டிக்காட்டினார். மாற்கு (2:4) பயன்படுத்தும் கிரேக்கச் சொல் தோண்டுதலைக் குறிக்கிறது. பாலஸ்தீனத்துச் சிற்றூர் வீடுகளில் மரச்சட்டங்களின்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, அதன்மேல் மண்ணைக் குழைத்துப் பூசித் தட்டையாகக் கூரை அமைப்பர். அதைத் தோண்டித்தான் திறக்க இயலும். லூக்காவோ (5:19) ஓடுகளின் வழியே இறக்கினர் என்கிறார். கிரேக்க, உரோமை நகரத்து வாசகர்களுக்காக எழுதிய அவர், அவர்கள் கண்டறிந்த கூரையையே எழுதினார் என்பது அறிஞர் பலரின் கருத்து.

இதில் முரண்பாட்டைத் தேட வேண்டியதில்லை. கூரை என்ற ஒரே சொல்லைக் கேட்டாலும் ஒவ்வொருவர் மனத்திலும் அவரவர் ஊரும், அவரவர் மண்ணும், அவரவர் கைப்பொருளும் தீர்மானித்த கூரையே எழுகிறது. நம் நாட்டிலும் அப்படித்தான். குடிசை வீடு, ஓட்டு வீடு, மச்சு வீடு என்று வீட்டின் பெயரையே கூரையை வைத்துச் சொல்கிறோம். அந்தப் பெயரைக் கேட்ட அளவில் உள்ளே வாழ்பவரின் நிலையையும் கணித்துவிடுகிறோம்.

தாழ்ந்த கூரை

புயல் என்னும் சொல் பழந்தமிழில் மழைமேகத்தைக் குறித்தது. இன்று நாம் புயல் என்று சொல்லும் பெருங்காற்றுக்கு 'சைக்ளோன்' என்னும் பெயரைக் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் 1848-இல் வெளிவந்த தம் நூலில் வழங்கினார். சுருண்டு கிடக்கும் பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதை ஆக்கினார். அட்லாண்டிக் கடலில் ஹரிகேன் என்றும், மேலைப் பசிபிக் கடலில் டைஃபூன் என்றும் வழங்குவதும் இதுவே. பெயர் பிற்காலத்தது. காற்றோ கடலோர மக்கள் காலங்காலமாக அறிந்தது.

பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையில் பரதவர் குடியிருப்பின் கூரைகள் குறுகியவையாகக் காட்டப்படுகின்றன. வறுமை இதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். அதனோடு அறிவும் உண்டு. கடலோரத்தில் காற்றுக்குத் தலை நிமிர்ந்து நிற்கும் வீட்டைவிடத் தாழ்ந்திருக்கும் வீடே பிழைக்கும். அண்மைக் காலம்வரை நம் ஊர்களில் காணப்பட்ட பழைய குடிசைகளிலும் இதைக் கண்டிருக்கிறோம். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். நான்கு பக்கமும் கூரை சரிந்து இறங்கும். மூங்கில் அல்லது பனங்கை கொண்டு சட்டமிட்டு, வரிச்சு பிடித்து, முடைந்த தென்னங்கீற்றையோ பனையோலையையோ கீழிருந்து மேலாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கயிற்றாலும் நாராலும் இறுகக் கட்டுவர். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாத அக்கூரையில் கட்டுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. காற்று மாதங்களில் பழைய மீன்வலையை மேலே விரித்து, அதன் ஓரங்களில் கல்லைக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் மீனவரிடம் உண்டு.

பெருங்காற்றில் இக்கூரையும் போகும். மறுக்க வேண்டியதில்லை. ஆனால் போகும்போது அது யாரையும் கொல்வது அரிது. பறந்துபோன ஓலைக்கு மாற்று ஓலை ஊரிலேயே கிடைக்கும். அண்டை வீட்டார் கைகொடுத்தால் சில நாள்களில் கூரை மீண்டும் எழும். அதன் பெரும் பகை நெருப்பு. அடுத்த பகை, அடிக்கடி மாற்ற வேண்டிய செலவு. தென்னங்கீற்று ஓராண்டோ இரண்டாண்டோ தாங்கும். பனையோலை இன்னும் சிறிது காலம் கூடுதலாக உழைக்கும். மாற்றக் கைப்பொருள் இல்லாத ஆண்டில் இற்றுப்போன கட்டுகளோடுதான் அந்த வீடு புயலைச் சந்திக்கிறது.

ஓடு வந்த வழி

நாட்டு ஓடு நம் குயவரின் பழைய தொழில். சக்கரத்தில் வனைந்த குழாயை நெடுக்கில் பிளந்து சுட்டெடுத்த சிறிய வளைவோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கவிழ்ப்பர். வசதி படைத்தோர் வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம் இருந்தது. மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி நாள் கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கும் முறை அது. கனமும் உறுதியும் கொண்ட அத்தளம் ஏழைக்கு எட்டாதது.

இடைநிலை மக்களின் கூரையை மாற்றியது மங்களூர் ஓடு. பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜிலார்தோனி சகோதரர்கள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும் ஓட்டுக்கு 1841-இல் காப்புரிமை பெற்றனர். சீர்திருத்த சபையைச் சார்ந்த பாசல் மிஷன் 1834 முதல் மங்களூரில் பணியாற்றி வந்தது. திருமுழுக்குப் பெற்றதனால் சொந்தச் சாதியாரிடமிருந்தும் பரம்பரைத் தொழிலிலிருந்தும் விலக்கப்பட்டவர்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. அதற்கென நெசவாலையோடு ஓட்டுத் தொழிலையும் அம்மிஷன் தொடங்கியது. கியோர்க் பிளெப்ஸ்ட் என்பவர் 1865-இல் மங்களூரில் நேத்திராவதி ஆற்றின் களிமண்ணைக் கொண்டு அவ்வகை ஓடுகளைச் செய்தார். கப்பலிலும் பின்னர் இரயிலிலும் அவை தென்னாடெங்கும் பரவின. நம் மக்கள் அவற்றைச் சீமை ஓடு என்றனர். நம் பழைய ஆலயங்களிலும் பள்ளிகளிலும் இன்றும் அவ்வோடுகளைக் காணலாம். பிழைப்பிழந்த சிலருக்கு வேலை தரத் தொடங்கிய முயற்சி பல இலட்சம் வீடுகளுக்கு நிழலாயிற்று என்பதைத் திருச்சபைப் பிரிவு பாராட்டாமல் நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

ஓடு நெருப்புக்கு அஞ்சாது, மழையைத் தடுக்கும், ஒரு தலைமுறைக்கு மேல் உழைக்கும். ஆகவே ஓட்டு வீட்டுக்காரர் புயலுக்கும் தாம் அஞ்ச வேண்டியதில்லை என்று நம்பினார். அந்த நம்பிக்கை சரியானதா என்பதைக் காண, காற்று கூரையை என்ன செய்கிறது என்பதைச் சற்று நோக்க வேண்டும்.

காற்று அழுத்துவதில்லை, தூக்குகிறது

புயல் வீட்டை இடித்துத் தள்ளும் என்றே நாம் எண்ணுகிறோம். சுவரைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. கூரைக்கு நேர்வது வேறு. காற்று கூரையின் விளிம்பில் மோதி மேலே விரைந்து கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. ஒரு சன்னலோ கதவோ பிய்ந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் அதைத் தள்ளுகிறது. இழுவை மிகுதியாக இருப்பது ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும். அதனால்தான் புயலுக்குப் பின் பார்த்தால் பெரும்பாலும் இறவாரத்தில் தொடங்கியே கூரை உரிந்திருக்கும்.

இவ்விசை காற்றின் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமம். வேகம் 120 ஆனால் அது 68 கிலோ ஆகிறது. 180 ஆனால் 153 கிலோ. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. கூரையின் ஓரங்களில் இழுவை இதையும் மிஞ்சக்கூடும்.

இனிக் கூரைகளின் எடையைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் தகரம் 5 அல்லது 6 கிலோ. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் 16 கிலோ அளவு. மங்களூர் ஓடு ரீப்பர் கட்டையுடன் சேர்த்து 65 கிலோ அளவு. நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் 250 கிலோ அளவு. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்தால் உண்மை விளங்கும். கான்கிரீட் ஒன்றைத் தவிர வேறெந்தக் கூரையும் தன் எடையால் மட்டும் பெரும்புயலில் நிலைத்து நிற்க முடியாது. ஓடும் தகரமும் நிற்க வேண்டுமானால், அவற்றைக் கீழே பிடித்து வைத்திருக்கும் கட்டு வேண்டும். ஓடு ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் உத்தரத்தோடும், உத்தரம் தூணோடும், தூண் அடித்தளத்தோடும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவை இருந்து பயனில்லை. ஓட்டு வீட்டில் விட்டுப்போகும் கண்ணி பெரும்பாலும் முதற்கண்ணியே. ஓடு தன் பின்புறத்துக் குமிழால் ரீப்பரில் தொற்றிக்கொண்டிருக்கிறது. கீழே வழுக்காதிருக்க அது போதும், மேலே எழாதிருக்கப் போதாது.

தகரத்தின் கதையும் இத்தகையதே. நெளிதகரத்துக்கு 1829-இல் இலண்டன் துறைமுகத்தில் பணியாற்றிய ஹென்றி பாமர் காப்புரிமை பெற்றார். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் லுத்விக் ஹாட்செக் உருவாக்கினார். விலை குறைவு, வேலை விரைவு என்பதால் இரண்டும் ஓலைக்கு மாற்றாக வந்தன. ஆனால் தகரத்தை வெறும் ஆணியால் அறைந்தால், காற்றில் அது ஆடி ஆடி ஆணியின் தலையைச் சுற்றிக் கிழிந்து பிய்ந்துபோகிறது. அப்படிப் பறக்கும் தகரம் அரிவாளுக்கு ஒப்பானது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நொறுங்கி விழும். அதன் தூசியிலுள்ள நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது என்று அறியப்பட்டபின் பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ஓலை பறந்தால் வீடு போயிற்று. தகரம் பறந்தால் அடுத்த வீட்டாரின் உயிருக்கும் ஆபத்து.

சுவர் நின்றது, கூரை போயிற்று

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை அழித்த புயலை நாம் மறக்கவில்லை. பாம்பனிலிருந்து சென்ற இரயில் பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. ஊர் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்ட ஆலயத்தின் சுவர்கள் அங்கே இன்றும் நிற்கின்றன; கூரை இல்லை. பலிபீடம் இருந்த இடத்துக்கு மேலே திறந்த வானம். அங்கு நின்று செபித்த யாரும், கல்லால் கட்டிவிட்டோம் என்ற நிறைவு எவ்வளவு குறையுடையது என்பதை உணராமல் திரும்பியிருக்க முடியாது.

1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தருகே கரையைக் கடந்த புயல் நம் மறைமாவட்டத்தின் மூத்தோர் நினைவில் இன்றும் இருக்கிறது. ஒரே வாரத்தில், நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையில் கடலே எழுந்து வந்து பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பு. அங்கும் குடிசை, ஓட்டு வீடு என்ற வேறுபாடின்றிக் கூரைகள் பறந்தன. கடல் உள்ளே வரும்போது எக்கூரையும் காவாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது செய்யத்தக்கது வீட்டைவிட்டு மேடான இடத்துக்குச் செல்வது ஒன்றே.

இத்தனை புயல்களுக்குப் பின்னும் ஏன் நம் விவசாயத் தொழிலாளர் ஓலையையே போட்டனர்? அறியாமை என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். கீழத்தஞ்சையின் நிலவரலாறு வேறு விடையைத் தருகிறது. பண்ணையில் உழைத்தவர்களுக்குக் குடிசை நின்ற மனை சொந்தமில்லை. போ என்றால் போக வேண்டிய இடத்தில் யார் சுவர் எழுப்பி ஓடு வேய்வார்? 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு விழா இரவில், கூலி உயர்வு கேட்டதால் மூண்ட பகையில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விடுதியில் இடமின்றி மாடடைக் குடிலில் பிறந்தவரின் விழாவை நாம் ஆலயங்களில் பாடிக் கொண்டாடிய அதே இரவு அது. குடியிருந்த மனையை அத்தொழிலாளருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. மனை சொந்தமான பின்னரே நிலையான கூரையைப் பற்றிய எண்ணம் அவர்களுக்குப் பொருளுடையதாயிற்று. கூரையின் பொருள் எது என்று பேசுமுன், கூரையின் கீழுள்ள மண் யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

கான்கிரீட்டின் காலம்

2004-ஆம் ஆண்டு இரு பெருந்துயரங்கள் நம் பகுதியின் கூரைகளை மாற்றின. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. அதன் பின் கடலோரத்தில் அரசும் தொண்டு நிறுவனங்களும் திருச்சபையும் கட்டித் தந்த வீடுகளில் மிகப் பெரும்பாலானவை கான்கிரீட் தளம் கொண்டவை. குடிசைகளை நிலையான வீடுகளாக மாற்றும் அரசுத் திட்டம் 2010-இல் தொடங்கியது. 2030-க்குள் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்னும் இலக்குடன், வீடொன்றுக்கு 3.5 இலட்ச ரூபாய் வழங்கும் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. தளம் போட்ட வீட்டில் புயலிரவைக் கழித்தவர்கள் குழந்தைகளோடு உறங்க முடிந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

எனினும் கான்கிரீட்டுக்கும் பகை உண்டு. கடற்காற்றிலும், கழுவாத மணலிலும், உவர்நீரிலும் உள்ள உப்பு உள்ளே சென்று கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து உதிர்க்கிறது. கம்பிக்கு மேல் போதிய கனம் விடாமல், கலவையில் சிமெண்டைக் குறைத்து, நீரை மிகுத்து, போதிய நாள் நனைக்காமல் விட்ட தளம் சில ஆண்டுகளிலேயே பெயர்ந்து விழத் தொடங்குகிறது. புயல் வராத நாளிலும் தலைமேல் விழக்கூடிய கூரை அது. கோடையில் அதன் வெப்பம் தாளாமல், வீட்டின் முன்பு கீற்றுக் கொட்டகை போட்டு அதில் படுப்பவர்களையும் காண்கிறோம். ஓலை ஏன் இத்தனை நூற்றாண்டுகள் நின்றது என்பதற்கு அதுவும் ஒரு விடை.

நாம் செய்த தவறு

2008 நவம்பர் இறுதியில் நிஷா புயல் காரைக்காலருகே கரையைக் கடந்தது. அப்போது நாம் பணியாற்றிய கடலோரப் பங்கில் கூரை இழந்த குடும்பங்களுக்குத் தகரம் வழங்க உதவி கிடைத்தது. கிடைத்த பணத்தில் எவ்வளவு அதிகமாகத் தகரம் வாங்க முடியுமோ அவ்வளவு வாங்கினோம். கொக்கி போல்ட்டுக்கும் வாஷருக்கும் இரும்புப் பட்டைக்கும் பணம் ஒதுக்கினால் சில குடும்பங்களுக்குத் தகரம் குறைந்துவிடும் என்று கணக்கிட்டோம். இருந்த ஆணியை வைத்து அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம். எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை தகரம் என்று அறிக்கையில் எழுதியபோது மனம் நிறைந்திருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பின், 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கீற்றுத் தந்த மரமே இல்லாமற் போயிற்று. அப்பங்கிலிருந்து மாற்றலாகிச் சென்றிருந்த நாம் சில நாள் கழித்து அங்கே சென்றோம். நாம் வழங்கிய தகரங்கள் வயலிலும் வாய்க்காலிலும் சுருண்டு கிடந்தன. ஒரு தகரம் வேப்பமரத்தில் பாதியளவு பதிந்திருந்தது. யாருக்கும் உயிரிழப்பு இல்லை என்று கேட்டபின்னரே மூச்சு வந்தது.

அத்தெருவில் ஒரு வீட்டின் கூரை மட்டும் அப்படியே இருந்தது. அதுவும் நாம் கொடுத்த தகரமே. அவ்வீட்டு மீனவர் தாமே கொக்கி வாங்கி, ஒவ்வொரு தகரத்தையும் சட்டத்தோடு முடுக்கி, கூரைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் படகுக் கயிற்றைப் போட்டு, நான்கு மூலையிலும் ஆழப் புதைத்த முளையில் கட்டியிருந்தார். எப்படி இது தோன்றியது என்று கேட்டோம்.

"படகக் கரைல ஏத்திட்டுக் கட்டாமப் போவோமா சாமி? கூரையும் அப்படித்தான்" என்றார்.

அவர் வெகு இயல்பாகச் சொன்னார். நமக்கு அது கண்டனமாகவே ஒலித்தது. கொடுத்த பொருளை எண்ணிக்கொண்டிருந்த நாம், அது நிலைப்பதற்கு வேண்டியதைக் கொடுக்கவில்லை. ஏழைக்குக் கொடுப்பது பாதியளவாக இருந்தாலும் போதும் என்று நம்மையறியாமலே எண்ணியிருந்தோம் போலும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆகவே கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். இயன்றவர்கள் நல்ல மணலும் நல்ல நீரும் கொண்டு, கம்பிக்குப் போதிய மூடலுடன், நன்கு நனைத்த கான்கிரீட் தளம் போடட்டும். ஓடு போடுபவர்கள் நான்கு பக்கமும் சரிந்த கூரையாக அமைக்கட்டும். முக்கோணச் சுவர் எழுப்பி இரு பக்கம் மட்டும் சரிந்த கூரையைவிட அது காற்றைத் தாங்கும். சரிவு 30 பாகையளவு இருக்கட்டும். இறவார வரிசைகளையும் முகட்டு வரிசைகளையும் கம்பியால் ரீப்பரோடு கட்டி, இடையிடையே சாந்துப் பட்டை இட்டு ஓடுகளை இறுக்கட்டும். தகரம் போடுபவர்கள் ஆணியை நம்பாமல் கொக்கி போல்ட்டையும் அகன்ற வாஷரையும் கொண்டு முடுக்கட்டும். ஓரங்களில் நெருக்கமாக முடுக்கட்டும். எக்கூரையாயினும் கைமரத்தை உத்தரத்தோடும் சுவரோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். இறவாரத்தை வெகுதூரம் நீட்டலாகாது. நிழலுக்கு நீட்ட வேண்டுமானால் திண்ணைக் கூரையைத் தனியாக அமைத்தால், அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. ஓலைதான் முடியும் என்பவர்கள் புரட்டாசிக்குள் கட்டுகளைப் புதுப்பித்து, வலை விரித்து, முளையில் கட்டட்டும். தாழ்ந்த வீடுகளின் புயற்காப்புக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2004-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் பிணைப்பையும் இறுக்கத்தையும் வலியுறுத்துகின்றன.

பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் இளைஞர்கள் ஏணியோடு புறப்பட்டு, கைம்பெண்கள், முதியோர் வீட்டுக் கூரைகளைப் பார்த்துக் கட்டு இறுக்கிவிட்டு வரலாம். கொக்கியின் விலை தகரத்தின் விலையில் சிறு பங்கே.

இணைச்சட்ட நூல் (22:8) புது வீடு கட்டுபவர் தளத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், இல்லையேல் அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்றும் கட்டளையிடுகிறது. கூரை தனக்கு மட்டும் உரியதன்று, அயலாரின் உயிரும் அதில் அடங்கியுள்ளது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் பகுதி வேறில்லை. பாறைமேல் கட்டிய வீட்டின் உவமையை (மத்தேயு 7:24-27) நாம் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். எப்போதும் அடித்தளத்தைப் பற்றியே பேசினோம். அடித்தளத்திலிருந்து முகடுவரை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டைப் பற்றி நமக்குப் பேசத் தோன்றியதில்லை. பவுல் அடிகளோ எபேசியர் திருமுகத்தில் (4:16) உடல் முழுவதும் மூட்டுகளால் இசைவாகப் பிணைக்கப்பட்டு வளர்வதைச் சொல்லுகிறார். அதைச் சபைக்கு மட்டும் பொருத்திப் படித்துவந்த நாம், இப்போது வீட்டுக்கும் பொருத்திப் படிக்கிறோம்.

இவ்வாண்டும் ஐப்பசி வரும். அதற்குமுன் நம் பங்கிலுள்ள கூரைகளை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதென முடிவு செய்துள்ளோம். இம்முறை கையில் கொக்கிகளும் கயிறும் இருக்கும்.